டோக்கன் புத்தகமும் ஆஜர் பட்டியலும்: ராமநாதபுரம் கடற்கரைப் பயணக் குறிப்புகள்

வெள்ளி – உச்சிப்புளி, மண்டபம், பாம்பன்

குண்டு வெடித்த ஊர்கள் கொழும்பு, கட்டுநாயக்க, ஸ்ரீபெரும்புதூர், மும்பை. அதற்கான பில் வந்து சேர்ந்த ஊர்களில் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, மூக்கையூர் என்று இந்தக் கரையோரப் பெயர்களும் உண்டு. பயங்கரவாதம் ஒரு வளரும் நாட்டுக்கு வைக்கும் செலவைப் பேசும்போது, இடிந்த கட்டடத்தையும் இறந்தவர் தொகையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மிச்சச் செலவு, படகு கடலுக்குப் போக அனுமதி தரும் மீன்துறை டோக்கன் புத்தகத்திலும், அகதி முகாமின் ஆஜர் பட்டியலிலும், படகுக் கடன் பேரேட்டிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு போவதுதான் இந்தப் பயணம்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் முதலில் வருவது உச்சிப்புளி. இங்குள்ள கடற்படை விமானத் தளம், ஐ.என்.எஸ். பருந்து, 2009 மார்ச்சில் அந்தப் பெயரோடு செயல்பாட்டுக்கு வந்தது. கடற்படையின் கண்காணிப்பு அதற்கும் வெகு முன்பே இங்கே வந்துவிட்டது. 1990 ஜூனில் ‘ஆபரேஷன் தாஷா’ என்ற பெயரில் பாக் நீரிணை முழுக்க ரோந்து தொடங்கியது. தமிழ்நாடு போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-இல் அமைந்தது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம். இவற்றோடு சுங்கத் துறை, தமிழ்நாடு போலீசின் உளவு அமைப்பான கியூ பிரிவு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்காக வனத் துறை. காலையில் வல்லத்தைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவரைத் தடுத்துக் கேள்வி கேட்க இத்தனை துறைகளுக்கு அதிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் தனிப் படகு, தனி டீசல், தனி வயர்லெஸ், தனிச் சம்பளப் பட்டியல்.

இந்தச் செலவு முழுவதையும் வீண் என்று எழுதிவிட முடியாது. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் போலீசின் 1093 ஆகிய எண்களுக்கு வரும் அழைப்புகளில் இன்ஜின் நின்றுபோன படகும், புயலில் திசை தப்பிய படகும் உண்டு. ரோந்துக் கப்பல் இல்லையென்றால் அந்த உயிர்கள் இல்லை. கணக்கு எழுதும்போது இதை வரவுப் பக்கம் வைக்கத்தான் வேண்டும். ஆனால் மீட்புப் பணிக்கு மட்டும் என்றால் இவ்வளவு ஆளும் இயந்திரமும் இந்தக் கரையில் வந்து குவிந்திருக்காது. அந்த வித்தியாசம்தான் பாதுகாப்புச் செலவு.

பாம்பன் கண்ட பாலங்கள் மூன்று: 1914-இன் பழைய ரயில் பாலம், 1988-இன் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். பழைய பாலத்தின் நிலை சரியில்லை என்று 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்குப் பால், காய்கறி, காஸ் சிலிண்டர், யாத்ரீகர் எல்லாமே ஒற்றைச் சாலைப் பாலத்தின் மேல்தான் வந்தன. அந்தத் தடைக்குக் காரணம் துருவும் வயதும். ஆனால் ஒற்றை வழியை நம்பியிருக்கும் ஊர் எவ்வளவு எளிதில் திணறும் என்பதை அந்த இரண்டே கால் வருஷம் காட்டியது. ஆண்டுதோறும் பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 வந்தால், ராமநாதசுவாமி கோயிலோடு இந்தப் பாலத்திலும் கூடுதல் போலீஸ் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெடிகுண்டு மிரட்டல் பொய்யாக இருந்தாலும் வெடிகுண்டு நிபுணர் குழு வர வேண்டும், நாய் வர வேண்டும், வண்டி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு போன்காலின் விலை அவ்வளவு.

சனி – ராமேஸ்வரம் துறைமுகம்

திங்கள், புதன், சனி விசைப்படகின் நாள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. அதனால் இந்த ஊரின் கடல் தொழிலைப் பார்க்க வருகிறவர்கள் சனிக்கிழமை காலையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

படகு கிளம்ப மீன்துறை டோக்கன் வேண்டும். படகின் பதிவு எண், அதில் போகிறவர்களின் விவரம், அடையாள அட்டை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பதிவு எண் ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கி, மீன்பிடித் துறைமுகத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கம், எம்.எம்., பிறகு வரிசை எண் என்று ஓடும். ராமேஸ்வரத்துக்கு அந்த இலக்கம் 10. எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதுவதும், மாநிலத்துக்கு ஒரு வண்ணம் அடிப்பதும், மீனவருக்குக் கைரேகை பதிந்த அட்டை கொடுப்பதும் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுக்க இறுகிய ஏற்பாடுகள். தாக்க வந்தவர்கள் குஜராத்தின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி, அந்தப் படகிலேயே மும்பைக் கரையை நெருங்கினார்கள்; அதிலிருந்தவர்களைக் கொன்றார்கள். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு மீன்பிடிப் படகும் சந்தேகத்துக்குரிய படகாகிவிட்டது. இந்தியக் கடற்கரை நெடுக அந்தச் சந்தேகத்தின் கூலியைத் தினமும் கட்டுகிறவர்கள், அந்தத் தாக்குதலில் முதலில் உயிரிழந்த அதே தொழில்காரர்கள்.

நடைமுறையில் எங்கே இடிக்கிறது? கயிறும் உப்பும் சேர்ந்து விரல் நுனியைத் தேய்த்துவிடும். வருஷக்கணக்கில் வலை இழுத்தவரின் கட்டை விரலில் ரேகை மழுங்கி, தோல் தடித்து, வெடிப்பு விட்டிருக்கும். கருவியில் மூன்று நான்கு முறை வைத்து எடுத்தாலும் ‘பொருந்தவில்லை’ என்றே வரும். ஈரத்தில் புழங்கும் அட்டையில் எழுத்து அழிந்துபோகும். இன்னொரு சிக்கல் ஆள் மாற்றம். கிளம்பும் நேரத்தில் ஒருவர் வராவிட்டால் கரையில் நிற்கிற வேறொருவரை ஏற்றிக்கொள்வது பழக்கம். டோக்கனில் இருப்பது பழைய பெயர். கடலில் அசம்பாவிதம் நடந்தாலோ, எல்லையில் பிடிபட்டாலோ, பெயர் பொருந்தவில்லை என்று நிவாரணம் மாதக்கணக்கில் இழுபடும். டோக்கன் வாங்கும் இடத்திலேயே ஆள் மாற்றத்தைத் திருத்த ஐந்து நிமிட ஏற்பாடு இருந்தால் பாதுகாப்புக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

ஒரு தொழில் நாள் போனால் என்ன நஷ்டம் என்று பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாள், அதாவது 43 வாரம் சொச்சம். வாரத்துக்கு மூன்று நடை என்றால் வருஷத்துக்கு அதிகபட்சம் 130 நடை. இதில் காற்று எச்சரிக்கை, இன்ஜின் வேலை, இலங்கைக் கடற்படையின் கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் எல்லாம் கழியும். 100 நடை மிஞ்சினால் நல்ல வருஷம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பாதுகாப்பு ஒத்திகைக்காகவோ சோதனைக்காகவோ ஒரு நடை வீணானால், அந்தப் படகின் வருஷத் தொழிலில் நூற்றில் ஒன்று போய்விட்டது. அரசு ஊழியரின் கணக்கில் அது கிட்டத்தட்ட நாலு நாள் சம்பளம். வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு வருஷம் 19,000 லிட்டர். 130 நடைக்குப் பிரித்தால் நடைக்கு 146 லிட்டர். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு லிட்டரும் பங்க் விலை. ரோந்தைச் சுற்றிக்கொண்டு போகும் தூரமும், சோதனைக்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரமும் அந்தக் கூடுதல் லிட்டரில்தான் சேரும். செலவு போக மிச்சத்தைத்தான் படகு முதலாளியான சம்மாட்டியும் ஆட்களும் பங்கு வைப்பார்கள். ஆகவே வீணான டீசல் முதலில் வெட்டுவது ஆட்களின் பங்கை. இறாலும் கணவாயும் கிடைக்காமல் சங்காயம் என்ற கழிவு மீன் மட்டும் ஏறிய நாளில் பங்கு என்று ஒன்றுமே மிஞ்சாது.

‘சாகர் கவச்’ ஒத்திகையை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு குழு தீவிரவாதிகளைப்போல வேஷமிட்டுக் கடல் வழியாக ஊடுருவப் பார்க்கும், இன்னொரு குழு தடுக்கும். 2019 ஜனவரியிலிருந்து ‘சீ விஜில்’ என்று நாடு தழுவிய ஒத்திகையும் உண்டு. ஒத்திகை தேவைதான். ஆனால் அதை விசைப்படகு போகாத கிழமையில் வைத்தால், கரையில் நிற்கும் நூற்றுக்கணக்கான படகின் நடை தப்பிக்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு அவர்களையே கண்காணிப்பாளராக ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளலாம். கடலில் அந்நியப் படகை முதலில் அடையாளம் காண்கிறவர்கள் அவர்கள்தான்.

மீன்பிடிக் கரைகள் இதில் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி அடி வாங்குகின்றன. கென்யாவின் லாமு தீவுப் பகுதியில் சோமாலிய ஆயுதக் குழுவான அல்-ஷபாப் மேலுள்ள அச்சத்தால் 2011 முதல் பல ஆண்டுகள் இரவு மீன்பிடிப்புக்குத் தடை இருந்தது. சாட் ஏரியைச் சுற்றி நைஜீரிய ஆயுதக் குழுவான போகோ ஹராம் வளர்ந்தபோது, பணம் அவர்களுக்குப் போகிறது என்று ராணுவம் மீன்பிடிப்பையும் புகைபோட்ட மீன் வியாபாரத்தையும் தடுத்தது. ஆயுதக் குழுவின் பையை வெட்டப் போட்ட தடை, ஏரிக்கரைக் குடும்பங்களின் அடுப்பையும் சேர்த்து அணைத்தது. வேலையிழந்த இளைஞர்கள் சம்பளம் தருகிற ஆயுதக் குழுவின் பக்கம் சாயும் அபாயம் அதில் உண்டு. பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கண்ணியைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

ஞாயிறு – தனுஷ்கோடி, அரிச்சல்முனை

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலை, ஒன்பதரை கி.மீ. மாலைக்குள் எல்லா வண்டியும் வெளியேறிவிட வேண்டும். சங்கு மாலை, பொரித்த மீன் விற்கிறவர்களின் வியாபார நேரத்தையும் இந்தக் கட்டுப்பாடுதான் தீர்மானிக்கிறது. இடப்பக்கம் ‘பெண் கடல்’ எனும் பாக் நீரிணை, வலப்பக்கம் ‘ஆண் கடல்’ எனும் மன்னார் வளைகுடா. எதிரே தலைமன்னார், 30 கி.மீ.க்குள்.

அந்த 30 கி.மீ.யை இன்று எப்படிக் கடப்பது? மதுரைக்கு 170 கி.மீ. பஸ், அங்கிருந்து கொழும்புக்கு விமானம், கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு 300 கி.மீ.க்கு மேல் ரயில். பாஸ்போர்ட், விமானக் கட்டணம், குறைந்தது ஒரு முழு நாள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடித் துறையை அழித்த பிறகும் கப்பல் நின்றுவிடவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 1980-களின் தொடக்கம் வரை ஓடியது. புயலால் நிறுத்த முடியாத கப்பலைப் போர் நிறுத்தியது. அக்கரையில் தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் திரும்ப ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் வந்தது. இந்தத் துறைக்கு மட்டும் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நாற்பது வருஷத்தில் கருவாடு, துணி, பாத்திரம் என்று தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்ற சிறு வியாபாரம் செத்தது. பெரிய வியாபாரி தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ மாறிக்கொள்வார். இரண்டு மூட்டை வியாபாரிக்கு மாற்று வழி கிடையாது. வழி மூடினால் கடத்தல் திறக்கும்: இன்று இதே கடலில் பீடி இலையும் மஞ்சளும் கடல் அட்டையும் தங்கமும் இரவில் போய்வருகின்றன. அதைப் பிடிக்க மறுபடி ரோந்து, மறுபடி டீசல்.

அக்கரையின் கணக்கு இன்னும் கனமானது. இலங்கையின் 1983–2009 போரில் குண்டுவெடிப்பின் செலவையும், 1983 ஜூலை வன்முறை, விமானக் குண்டுவீச்சு, பொருளாதாரத் தடை ஆகியவற்றின் செலவையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாது. எல்லாம் ஒரே மக்கள் தலையில் ஏறியவை. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டபோது 91 பேர் இறந்தார்கள், சுமார் 1,400 பேர் காயமடைந்தார்கள். 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதில் ராணுவ விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. தேசிய விமான நிறுவனத்தின் பாதி விமானங்கள் ஒரே காலையில் முடங்கின.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய அடி. கப்பலுக்கும் விமானத்துக்கும் போர் அபாயக் காப்பீடு என்று தனிக் கட்டணம் உண்டு. கப்பலின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று ஒவ்வொரு வருகைக்கும் விதிப்பார்கள். உதாரணத்துக்கு 300 கோடி ரூபாய்க் கப்பல், கால் விழுக்காடு என்றால், ஒரு முறை துறைமுகத்தில் நுழைவதற்கே 75 லட்சம். அதைவிடப் பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குப் போவது மலிவு. கொழும்புக்கு வர வேண்டிய கன்டெய்னர் வேறு பக்கம் திரும்பும். வருகிற சரக்குக்குக் கூடுதல் வாடகை, அது மாவிலும் மருந்திலும் ஏறும். அந்த 2001-ஆம் ஆண்டு இலங்கைப் பொருளாதாரம் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சுருங்கியது, சுமார் ஒன்றரை விழுக்காடு. ராணுவச் செலவு 1980-களின் தொடக்கத்தில் நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டுக்கும் கீழ். 1990-களின் நடுவில் 5 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1996 வரையான போர்ச் செலவை மதிப்பிட்ட இலங்கைப் பொருளியல் ஆய்வாளர்கள், அது அந்த ஆண்டின் மொத்த உற்பத்தியைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று கணித்தார்கள். போர் முடிய அதற்குப் பிறகும் 13 வருஷம் ஆனது.

தடை எப்படி வேலை செய்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1990-லிருந்து வடக்குக்கு டீசல், சிமென்ட், பேட்டரி, உரம் போகத் தடை வந்தது. வெடிமருந்துக்கும் பதுங்குகுழிக்கும் பயன்படும் என்பது காரணம். டீசல் இல்லாமல் பம்ப்செட் ஓடாது, உரம் இல்லாமல் வெங்காயமும் மிளகாயும் விளையாது. மீனவருக்கு நேரக் கட்டுப்பாடு, இன்ஜின் சக்திக்கு வரம்பு. போருக்கு முன் இலங்கையின் மீன்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வடக்கிலிருந்து வந்தது. அது அடியோடு சரிந்தது. அந்தக் காலத்தில்தான் ஆளில்லாத அக்கரைக் கடலை நம்பி இக்கரையில் விசைப்படகுகள் பெருகின. 2009-க்குப் பிறகு அக்கரை மீனவர்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள். இக்கரை விசைப்படகுகள் கடலடியை அரித்து இழுக்கும் இழுவை மடி அவர்களின் வலையைக் கிழித்தது. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இன்றைய கைதும் படகுப் பறிமுதலும் அந்தப் போர் விட்டுப்போன பாக்கி. இக்கரையில் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்: இழுவை மடி இழுப்பது அக்கரைத் தமிழ் மீனவரின் பங்கையும் சேர்த்துத்தான்.

அரிச்சல்முனைக்கு அப்பால் தெரியும் மணல் திட்டுகளில் 2022 மார்ச்சிலிருந்து குடும்பம் குடும்பமாக மனிதர்களை இறக்கிவிட்டுப் போனார்கள் படகுக்காரர்கள். கைக்குழந்தையோடு, கடல் ஏறினால் மூழ்கும் மணலில், கடலோரக் காவல்படை வரும்வரை காத்திருந்தவர்கள். அவர்களைத் துரத்தியது பசி. அந்தப் பசியின் கதையைப் பின்னோக்கிப் போனால் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு வரும். இலங்கையில் இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் தற்கொலைக் குண்டுகள்: மூன்று தேவாலயம், மூன்று ஹோட்டல், 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்து வந்த மே மாதம் வெளிநாட்டுப் பயணிகள் வரவு முந்தைய ஆண்டின் மே மாதத்தைவிட 70 விழுக்காடு குறைந்தது. 2018-இல் 440 கோடி டாலராக இருந்த சுற்றுலா வருமானம் 2019-இல் 360 கோடி. அறை காலியானால் அறையைத் துடைப்பவர், முட்டை கொடுப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், மீன் விற்பவர் வரிசையாக விழுவார்கள். ஹோட்டல் கடனுக்கு ஒரு வருஷம் தவணை விலக்கு கொடுத்தார்கள். மதிப்புக்கூட்டு வரியைக் குறைத்தார்கள். தவணை மறுபடி தொடங்க வேண்டிய 2020 மார்ச்சில் கொரோனா வந்து நின்றது. 2022 நெருக்கடிக்கு வரிக் குறைப்பு, வெளிக்கடன், ரசாயன உரத் தடை என்று வேறு வலுவான காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஈஸ்டர் குண்டின் மேல் போடுவது பொய்க் கணக்கு. ஆனால் டாலர் கையிருப்பு தேய ஆரம்பித்த நேரத்தில் நாட்டின் முக்கிய டாலர் வரவுகளில் ஒன்றை உடைத்தது அந்தக் குண்டுகள்தான். ஏற்கனவே கடனில் நடக்கும் நாட்டுக்கு ஒரு தாக்குதல் பணக்கார நாட்டைவிட அதிகம் வலிப்பது இதனால்தான்: விழுந்தால் எழுந்திருக்க ஊன்றுகோல் இல்லை.

திங்கள் – மண்டபம் முகாம்

உள்ளே போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாசலில் நின்று படம் எடுப்பது உள்ளே இருப்பவர்களுக்கே தொல்லையாக முடியும், தவிர்த்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய் பரிசோதனைக்காகத் தங்கவைத்த இடம் இது. தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கு முதல் நிறுத்தம். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு. அலை அலையாக, 2009 வரை மொத்தம் மூன்று லட்சம் பேர் அளவுக்கு வந்துபோனார்கள். வந்தவுடன் விசாரணை, பதிவு, புகைப்படம், பிறகு மாநிலத்தின் ஏதாவது ஒரு முகாமுக்குப் பிரித்து அனுப்புவார்கள். இன்றும் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 2021-இல் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவருக்கு 1,000, குழந்தைக்கு 500 ரூபாய் என்று உதவித்தொகை கூடியது. புது வீடுகள் கட்டும் வேலையும் தொடங்கியது. உண்மையான முன்னேற்றம் அது.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையின் பில் யாருக்குப் போனது என்று கேட்டால் பதில் இந்த முகாம்தான். குண்டு வைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே இரவில் சந்தேக வளையத்துக்குள் வந்தன. அனுமதியில்லாமல் இரவு வெளியே தங்கக் கூடாது. வருவாய் ஆய்வாளர் கணக்கெடுக்க வரும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் பெயர் வெட்டு, பணம் நிறுத்தம். கணக்கெடுப்புத் தேதி முன்கூட்டித் தெரியாமல் வெளியூரில் பெயின்டிங் வேலைக்குப் போனவர் ஒரு நாள் கூலியைத் தியாகம் செய்து ஓடி வர வேண்டும். சிறிது காலம் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையும் அடைபட்டுக் கிடந்தது.

பொருளியல் மொழியில் இதை மனித மூலதன இழப்பு என்பார்கள். முகாமில் அது எப்படி இருக்கும் என்றால், பொறியியல் படித்து முடித்த பெண்ணிடம் சான்றிதழ் இருக்கும், பாஸ்போர்ட் இருக்காது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் கம்பெனி அடையாளச் சான்று கேட்டால் முகாம் அட்டையைக் காட்ட வேண்டும், அதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். ‘படிச்சும் பெயின்ட் அடிக்கத்தான் போகணும்னா எதுக்குண்ணே படிக்கணும்?’ என்று தம்பிமார் கேட்கும் கேள்வி முகாமுக்கு முகாம் ஒன்றே. அண்ணன் படித்துக் கிடைக்காத வேலை, தம்பியைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துகிறது. இந்த இரண்டாவது இழப்பை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை. இந்திய மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இடமில்லை. இவர்களுக்கு வேலை அனுமதியும் பயண ஆவணமும் கொடுப்பதால் அரசுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, வரும் வரி கூடுதல். பாதுகாப்பு அச்சம் என்ற ஒரே காரணம் முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கணக்கைப் போடவிடாமல் வைத்திருக்கிறது. இது அநீதி.

செவ்வாய் – கீழக்கரை

கீழக்கரைக்கும் இலங்கைக்கும் முத்து, சங்கு, மாணிக்கக் கல் வியாபாரமும் கல்யாண உறவும் தலைமுறைகளாக உண்டு. ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்க்க வருகிறவர்கள் வேட்டியோ முழுக்கால் சட்டையோ அணிந்து, தொழுகை நேரம் தவிர்த்துப் போவது மரியாதை.

அக்கரை மன்னார், யாழ்ப்பாணம் உள்ளிட்ட வடக்கு மாவட்டங்களிலிருந்து 1990 அக்டோபரில் 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். கடை, தோணி, நகை எல்லாம் அங்கேயே. புத்தளத்தில் போய் இறங்கினார்கள், அந்த ஊரின் கிணறும் பள்ளிக்கூடமும் ஒரே மாதத்தில் நிரம்பி வழிந்தன. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு 2019 மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இக்கரையிலும் அக்கரை உறவு என்ற ஒரே காரணத்தால் விசாரணை, வாடகை வீடு மறுப்பு என்று அந்தச் சூடு வந்து தட்டியது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் பழக்கம் நம்பிக்கையில் ஓடுவது. மதம் பார்த்துச் சரக்கை நிறுத்தினால், இரண்டு பக்கமும் ரொக்கத்துக்கு மாற வேண்டும். ரொக்கத்துக்கு வட்டி. வட்டி விலையில் ஏறும்.

இந்த வகைச் செலவு அரசுக் கணக்கில் ஏறாது என்பதற்கு ஓர் உதாரணம்: பாகிஸ்தான் அரசின் 2017–18 பொருளாதார ஆய்வறிக்கை, 2001-லிருந்து பயங்கரவாதத்தால் நேர்ந்த இழப்பு 12,679 கோடி டாலர் என்றது. ஏற்றுமதி இழப்பு, வராத முதலீடு, குறைந்த வரி வசூல், இழப்பீடு, சேதம் எல்லாம் அதில் தலைப்புகள். அமெரிக்காவிடம் பணம் கேட்கும் நாடு கூட்டித்தான் சொல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தத் தலைப்புகளில் பள்ளியை விட்ட பிள்ளையும் இல்லை, சரக்கு மறுக்கப்பட்ட கடையும் இல்லை.

புதன் – மூக்கையூர்

சாயல்குடியிலிருந்து தெற்கே இறங்கினால் மூக்கையூர். பெரிய அலைதடுப்புச் சுவரோடு மீன்பிடித் துறைமுகம். பாக் நீரிணையில் மோதலைக் குறைக்க, விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தின் ஒரு பகுதி இது. 2017-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இலக்கு 2,000 படகு. தொடக்கத்தில் போட்ட கணக்கு படகுக்கு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. கொடுத்து முடித்தது இலக்கில் மிகச் சிறு பகுதிதான்.

ஏன் ஓடவில்லை? காலையில் போய் மறுநாள் திரும்பும் தொழிலில் பழகியவருக்குச் சூரை மீன் பிடிக்க வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல். அத்தனை நாளுக்கு டீசல், ஐஸ், தண்ணீர், அரிசி முன்கூட்டியே ஏற்ற வேண்டும், அதற்கான முதலீடு வியாபாரியிடமிருந்து முன்பணமாக வரும், முன்பணம் வாங்கினால் மீனுக்கு அவர் சொல்வதே விலை. தூண்டிலில் ஏறிய சூரையை உடனே குடலெடுத்து, ஐஸ் நெருக்கமாக அடுக்கவில்லையென்றால் சதை சூடேறி நிறம் மாறும், ஏற்றுமதித் தரம் போய்க் கருவாட்டு விலைக்கு இறங்கும். இதைச் சொல்லிக்கொடுக்கக் கரையில் வகுப்பு போதாது, பழகிய ஓட்டுநர் ஒருவர் முதல் சில தங்கலுக்குக் கூடவே வர வேண்டும். 16 லட்சத்துக்கு 9 விழுக்காடு வட்டி என்று வைத்தால் மாதம் 12,000 ரூபாய், படகு கட்டிக் கிடந்தாலும் ஓடும். பழைய படகை உடைத்துக் கணக்கு முடித்தால்தான் இழுவை மடி குறையும், அந்தப் படகு வேறு பெயரில் கடலில் இருந்தால் கொடுத்த மானியத்துக்கு அர்த்தமில்லை.

2,000 படகுக்கு மானியம் மட்டும் 1,120 கோடி ரூபாய். வரவு செலவு அறிக்கையில் இது மீன்வள மேம்பாடு. போர் கலைத்துப்போட்ட ஒரு கடலைச் சீர்செய்யும் செலவு என்று அந்தத் தலைப்பிலேயே ஒரு வரி சேர்த்தால், தங்கல் பழக்கும் ஓட்டுநருக்கும், துறைமுகத்திலேயே ஐஸ் ஆலைக்கும், முதல் இரண்டு வருஷ வட்டிக்கும் அதே நிதியில் இடம் கேட்க முடியும். மீனவர் சங்கங்கள் மனு எழுதும்போது கேட்க வேண்டிய மூன்று இவை.